குமிழி இல்லாத ரத்தம்

அசையாமலிருக்க மருந்து ஏற்றப்பட்டு வென்டிலேட்டரில் கிடந்த தேவசகாயத்தின் வலது மணிக்கட்டில், டாக்டர் மெஹருன்னிசா மூன்றாவது முறையாக ரத்தம் எடுத்தார். காற்றுக்குமிழி புகுந்தால் ஆக்சிஜன் கணக்கு பொய்யாகிவிடும். சிரிஞ்சை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார், குமிழி இல்லை. ஆனாலும் அதே முடிவுதான் வந்தது. நுரையீரலில் இருப்பதைவிட ரத்தத்தில் ஆக்சிஜன் அதிகம். அப்படி இருக்க வழியே இல்லை. வேறு எங்கிருந்து வரும்?

"இப்ப தேவலையா டாக்டர்?" என்றாள், காலையிலிருந்து தேவசகாயத்தின் இடது கையோடு கை கோத்து உட்கார்ந்திருந்த அவர் மனைவி ரோஸ்லின். மூன்று சொல்லுக்குள் இரண்டு முறை மூச்சு வாங்கினாள். அவள் உதடுகள் நாவற்பழம் தின்றதுபோல் இருந்தன.

"கையை விடுங்கம்மா. உடனே விடுங்க."

"நான் அப்பவே விட்டுட்டேன் டாக்டர்," என்றாள் ரோஸ்லின். "அவர்தான் விடல."