கொழும்பு விமானம்

மகன் அனுப்பிய பழைய வீடியோப் படத்தை அமிர்தராஜ் ஆறாவது தடவையாகக் கைபேசியில் ஓட்டினார். 1962, கொழும்பு என்று அதில் எழுதியிருந்தது. விசிறி வைத்த விமானம் ஒன்று வந்து நின்றது. படிக்கட்டில் இறங்கிய ஒருவருக்கு இடது காது பாதிதான் இருந்தது. சுவரில் மாலை போட்டிருக்கும் அப்பாவின் போட்டோவிலும் அதே காது, அதே முகம். அவருக்குப் பின்னால் ஒரு பெண், கைக்குழந்தையோடு இறங்கினாள்.

அப்பா விமானம் விழுந்து இறந்தது 1960-இல்.

"அத்தைக்குக் காட்டுவமாங்க?" என்றாள் மனைவி அனிதா மேரி.

"வாய மூடு. அறுபத்தஞ்சு வருசமா வெள்ளச் சேலையில இருக்கு. நாளைக்கு நினைவுப் பூசை வேற. இதப் பாத்தா ஆத்தா உசுரு போயிரும்."

படத்தை அழித்துவிட்டுத் திரும்பினார். ஆத்தா பிலோமினா பின்னால் எட்டிப் பார்த்தபடி நின்றிருந்தாள்.

"அழிச்சிட்டியாலே? அந்தக் கைப்பிள்ள மொகத்த நானும் ஒருக்கா கிட்டக்கப் பாத்திருப்பேன்ல."

"ஆத்தா, ஒனக்குத் தெரியுமா?"

"பொழைக்கப் போன எடத்துல வேறொருத்தியோட இருக்கேன், வரமாட்டேன்னு லெட்டர் போட்டாக. அந்த வாரம் எங்கனயோ பிளேன் விழுந்துச்சுன்னு பேப்பர்ல வந்துச்சு. அதுல போயிட்டாகன்னு ஊருக்குச் சொன்னது நாந்தேன்."

"எதுக்கு?"

"ஓடிப்போனவன் பொண்டாட்டின்னா எவன்டா வேல குடுப்பான்? தாலி அறுத்தவளுன்னதும் பங்குச் சாமியார் எரக்கப்பட்டு, சிஸ்டர்மாரு மடத்துல சமைக்கச் சேத்துவிட்டாரு. அந்தக் கஞ்சியிலதேன் நீ வளந்த."

அமிர்தராஜ் சுவரிலிருந்த மாலையில் கை வைத்தார். "நாளைக்குப் பூசைய நிப்பாட்டிரவா?"

"ஏன் நிப்பாட்டணும்? இந்நேரம் நெசமாவே செத்திருப்பாக. போயி மெழுகுவத்தி வாங்கிட்டு வா."