மேடையில் யர்னோவின் முகம்

இந்தக் காலத்துத் திருடன் முகத்தை மூடிக்கொள்வதில்லை. திருடிய பொருளின் மேலேயே தன் படத்தை ஒட்டி, மேடையேறிக் கைதட்டலும் வாங்கிக்கொள்கிறான். அப்படிப்பட்ட ஒருத்தனுக்குத் தன் தங்கை ஹில்க்கா ஏலக்காய் ரொட்டி சுட்டு எடுத்து வந்திருப்பதைப் பார்த்துத் தைஸ்தோவுக்கு வயிறு எரிந்தது.

தாம்பரே நகர மண்டபம் முழுக்கப் பழைய கணினி விளையாட்டுப் பைத்தியங்கள். இந்த வருடப் போட்டிக்காக ஒரு ஜப்பானிய விளையாட்டை வரி வரியாக ஃபின்னிஷ் மொழிக்குக் கொண்டுவந்தவள் ஹில்க்கா. அதை வெளியிடும் குழுவின் தலைவன் யர்னோ. போன வருட விளையாட்டிலிருந்து அவள் படத்தையும் பெயரையும் தூக்கிவிட்டுத் தன்னுடையதை வைத்துப் பரிசு வாங்கியவன்.

"மறுபடியும் அவன் கையிலேயே கொடுத்திருக்கியே, உனக்குப் புத்தி இருக்கா?"

"குழு அவன் கையில இருக்குண்ணே. அவன் வழியாத்தான் எதுவும் வெளிய போகும்."

"என்கிட்ட சொல்லியிருந்தா அவன் பல்லைக் கழட்டியிருப்பேன். மர மில்லுல நாங்க அப்படித்தான் கணக்கு தீர்ப்போம்."

"ரொட்டி ஆறுது. சாப்பிடு."

யர்னோவே வந்துவிட்டான். கேட்காமலே ஒரு ரொட்டியை எடுத்துக் கடித்தான். தாடியெல்லாம் சர்க்கரை.

"ஹில்க்கா அக்கா, கடைசிக் காட்சியில 'யர்னோ இதில் ஒரு சொல்லும் எழுதவில்லை'ன்னு போட்டிருந்தீங்களே! சிரிச்சுக்கிட்டே அழிச்சேன். உங்க படத்தையும் எடுத்துட்டேன். அது என்ன, தபால்தலை மாதிரி? என் படத்தைத் திரை முழுக்க வெச்சிருக்கேன் பாருங்க."

"வெச்சுக்கப்பா. அந்தக் காட்சியில நான் சேர்த்த பனி நல்லா விழுதா?"

"அடேயப்பா! ஒவ்வொரு துளியும் வேற வேற மாதிரி வரைஞ்சிருக்கீங்களே. கைவேலைன்னா உங்களோடதுதான்க்கா." கண்ணடித்துவிட்டு மேடைப் பக்கம் போனான்.

தைஸ்தோ தங்கையை முறைத்தார். "திருடன் வீட்டுக்கு வெள்ளையடிச்சுக் கொடுத்திருக்கே. அந்த வரியையாவது அழிக்க முடியாதபடி பூட்டி வெச்சிருக்கலாம்ல?"

"பூட்டெல்லாம் கிடையாதுண்ணே. இந்த விளையாட்டு தடுப்புத் தடுப்பாப் பிரிச்ச பெட்டி மாதிரி. ஒரு காட்சியோட படமும் எழுத்தும் ஒரே தடுப்புல இருக்கும். ஒரு தடுப்புல இருக்கிறதை எடுத்து மாத்தலாம். மாத்தினதை நசுக்கிச் சின்னதாக்கி அதே தடுப்புல திரும்ப வைக்கணும். ஒரே மாதிரி இருக்கிறது நல்லா நசுங்கும், வேற வேற மாதிரி இருக்கிறது நசுங்காது. யார் வேணும்னாலும் செய்யலாம்."

"அப்போ அவன் செஞ்சுட்டான்."

"செஞ்சுட்டான்." அவள் இன்னொரு ரொட்டியைப் பிட்டாள்.

மேடையில் யர்னோ ஒலிபெருக்கியைப் பிடித்தான். நடுவர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். "இதோட ஒவ்வொரு சொல்லும் நான் எழுதினது. எத்தனை ராத்திரி தூங்கலைன்னு எனக்குத்தான் தெரியும்!" என்றான். கூட்டம் ஆரவாரித்தது. தைஸ்தோ கைத்தடியை ஊன்றி எழுந்தார். ஹில்க்கா அவர் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"கடைசிக் காட்சியைப் பாருங்க. அதுல ஒரு ஆச்சரியம் இருக்கு!" என்று யர்னோ பொத்தானைத் தட்டினான்.

பெரிய திரையில் பனி கொட்டியது. பனிக்கு நடுவே தபால்தலை அளவில் ஒரு முகம் தெரிந்தது. ஹில்க்காவின் முகம். அதன் கீழே கொட்டை எழுத்தில்: 'மொழிபெயர்த்தவள் ஹில்க்கா. யர்னோ இதில் ஒரு சொல்லும் எழுதவில்லை.'

பின்வரிசையில் யாரோ ஒருத்தர் சிரித்தார். பிறகு எல்லோரும்.

யர்னோ விசைப்பலகையைப் போட்டுக் குத்தினான். "இல்லையே! இதை நான் அழிச்சேனே! அவ பேரை நானேதான் அழிச்சேன்!" என்று அலறினான். ஒலிபெருக்கி இன்னும் அவன் வாயருகேதான் இருந்தது. ஒரு நடுவர் எழுந்து ஹில்க்கா எங்கே என்று கேட்டார்.

"மெஷின் கோளாறு," என்றார் தைஸ்தோ. "உனக்கு அதிர்ஷ்டம்டி. வேற ஒண்ணுமில்ல."

"கோளாறு இல்லண்ணே. அவன் படம் பெருசு, தடுப்புக்குள்ள நுழையல. நுழையலன்னா மாத்தி வைக்கிற கருவி சத்தமில்லாம பழசை அப்படியே விட்டுடும். கடைசி வரைக்கும் விளையாடிப் பார்த்தவனுக்குத்தான் அது தெரியும். அவன் என்னிக்கு விளையாடிப் பார்த்தான்?"

தைஸ்தோ தொப்பியை மாட்டிக்கொண்டார். "சும்மா கதை விடாதே. பழிவாங்குறதுன்னா மூக்குல ரத்தம் வரணும். போன வருஷமும் பெரிய முகத்தைத்தானே வெச்சான்? அது மட்டும் எப்படி உள்ள போச்சு?"

பதிலுக்குக் காத்திராமல், தலையை ஆட்டிக்கொண்டே அவர் வாசலைப் பார்த்து நடந்தார்.

ஹில்க்கா ரொட்டி டப்பாவை மூடிக்கொண்டே அவர் முதுகைப் பார்த்துச் சொன்னாள்:

"போன வருஷம் நான் இடம் மிச்சம் விட்டிருந்தேண்ணே."