ஈசானியச் சரிவு

தரை ஈசானிய மூலைக்குச் சரிந்தால்தான் செல்வம் சேரும் என்று நம்பினார் அருணகிரி. அந்த மூலைக்கு இருந்த மரியாதை அவ்வீட்டில் வேறு யாருக்கும் இல்லை. கால் விளங்காத அவர் மனைவி வஞ்சியின் சக்கர நாற்காலி, கையை விட்டால் அங்கேதான் உருண்டது.

பழைய தரையைப் பெயர்த்துக் கலவை போட வந்த கொத்தனார் செபஸ்தியிடம், "அண்ணே, ஒரு நாளாவது சக்கரத்தப் புடிக்காம கைய விட்டுட்டு உக்காரணும்," என்றாள் வஞ்சி. அவர் தரை மட்டம் பார்க்கும் ரசமட்டத்தைத் துடைத்தார்.

கலவை இறுகியதும் அருணகிரி ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்தார். அது அசையவில்லை.

"சரிவு விட்டீரா?"

"விட்டிருக்கு சார். வாஸ்து தெரிஞ்சவங்களுக்கு நல்லாவே தெரியும்."

அருணகிரி கால் கட்டைவிரலால் பழத்தை மெல்லத் தள்ளிவிட்டு, புதுத் தரையில் சக்கர நாற்காலியில் இருந்த மனைவியைப் பார்த்தார். "பாத்தியா, ஓடுது."

"ஆமாங்க," என்றாள், இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு.