குரல் தாங்குதல்

"இந்த விதியை எடுத்துடுங்க. நல்லா இல்ல," என்றாள் மனைவி.

"நல்லா இல்லையா, உனக்குப் பிடிக்கலையா? ரெண்டும் வேற," என்றான் கணவன்.

"பிடிக்கல. போதுமா?"

மேசைமேல் விதிநூலின் அச்சுப்படி விரிந்து கிடந்தது. ஆளுக்கொரு பாத்திரமாக மாறி, பேசிப் பேசியே கதையை நகர்த்தி, சிக்கல் வரும்போது இருபது முகப் பகடையை உருட்டி ஆடும் விளையாட்டு அது. கணவனும் மனைவியும் சேர்ந்து உருவாக்கியது. மற்ற பக்கங்கள் அச்சகத்துக்குப் போய்விட்டன. விருப்பத் திறன்கள் என்ற கடைசி அத்தியாயம்தான் பாக்கி. வேண்டுமென்றால் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளலாம், வேண்டாமென்றால் விட்டுவிடலாம் என்கிற வகைத் திறன்கள். பூட்டுத் திறத்தல், பொய் கண்டுபிடித்தல் எல்லாம் முடிந்து, 'குரல் தாங்குதல்' என்ற ஒன்றில் வந்து வேலை நின்றிருந்தது.

ஒரு பாத்திரம் இறந்துபோனால், அதற்கு நெருக்கமான இன்னொரு பாத்திரம் அதன் குரலில் பேசலாம். பகடையில் பத்துக்கு மேல் விழ வேண்டும். உயிரோடு இருந்திருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பாரோ அதை மட்டும்தான் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் விதி.

கதவைத் திறப்பதற்குக்கூடப் பகடை உருட்டச் சொல்கிற மனுஷனுக்கு இதில் மட்டும் எங்கிருந்து வந்தது இந்தத் தாராளம் என்று மனைவி கிண்டல் செய்தாள். "தாங்குறவங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லையே. சும்மா கிடைக்கிற திறனை எந்த ஆட்டக்காரன் விடுவான்? நாள் பூரா அதையே பண்ணிட்டு உக்காந்திருப்பான்."

"உக்காரட்டுமே. இதை எடுத்துட்டா நான் உன்னை எப்படிப் பேச வைப்பேன்?"

பகடை உருண்டது. ஏழு.

ஜன்னல் திரை லேசாக ஆடியது. வாசலில் யாரோ சைக்கிளை நிறுத்தும் சத்தம் கேட்டது. பகடை மறுபடி உருண்டு பதினாறில் நின்ற பிறகுதான் அவள் குரல் வந்தது.

மழைக்காலம் தொடங்கும் முன் ஒரு காலையில் இருவரும் போன கார் பாலத்தில் சறுக்கியது. வீடு திரும்பியது ஒருவர்தான். அதிலிருந்து விதிகளைச் சோதித்துப் பார்ப்பது இப்படித்தான் நடக்கிறது. முன்பெல்லாம் இடம் மாறி உட்கார்ந்து சோதிப்பார்கள். அவளாக அவன் பேசுவான், அவனாக அவள் பேசுவாள். தன் யோசனையை அடுத்தவர் வாயால் கேட்டால்தான் அதில் இருக்கும் ஓட்டை தெரியும் என்பது அவர்களுடைய முறை. சண்டை வந்தால்கூட இடம் மாறித்தான் போடுவார்கள். பாதியில் யாராவது ஒருவருக்குச் சிரிப்பு வந்துவிடும்.

"சரி, எடுக்க வேண்டாம். ஒரு விலை வைங்க," என்றாள் மனைவி. "ஒவ்வொரு தடவை தாங்கும்போதும் அவங்க சொந்தக் குரல்ல ஒரு புள்ளி குறையட்டும்."

"குறைஞ்சு குறைஞ்சு பூஜ்யத்துக்கு வந்தா?"

"அப்புறம் தாங்கினவங்க இல்ல. செத்தவங்க மட்டும் பேசிட்டிருப்பாங்க."

கணவனுக்கு அது பிடித்திருந்தது. இது இல்லாமல்தான் அந்தத் திறன் இத்தனை நாள் சப்பென்று இருந்தது என்றான். எத்தனை புள்ளியில் தொடங்கலாம் என்று கேட்டான்.

பகடை உருண்டது. மூன்று. மறுபடி உருண்டது. ஐந்து. அதற்குப் பிறகு எத்தனை முறை உருட்டியும் பத்தைத் தாண்டவில்லை. "ஏய், விளையாடாதே. சொல்லு," என்றான்.

அப்போதுதான் கதவு திறந்தது. மனைவியின் தம்பி. அச்சகத்தில் வேலை செய்பவன், கடைசி அத்தியாயத்தை வாங்கிப் போக வந்தவன். வந்த இடத்தில் வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். மேசையின் முன் உட்கார்ந்திருந்த ஒரே ஆளின் அருகில் போய்க் குனிந்து, கையிலிருந்த பகடையை மெதுவாக வாங்கிக்கொண்டான்.

"போதும்க்கா. போனது மாமா, நீ இல்ல. அவரை உயிரோட வச்சுக்கிட்டு உன்னை ஏன் சாகடிக்கிற? உன் குரல்ல ஒரே ஒரு வார்த்தை பேசு."

அவள் அவனைப் பரிவோடு பார்த்தாள். எழுந்து அவன் தோளில் கை வைத்தாள்.

"உங்கக்காவைத்தான் நானும் இவ்வளவு நேரமா கூப்பிட்டுக்கிட்டு இருக்கேன், மச்சான். வர மாட்டேங்கறா."