ஆறாம் முறை ஏலம் போகும் பூசணிக்காய்

எண்பத்தாறாம் ஆண்டு தை மாதத்து மாலை வெயிலில், புங்குடுதீவுப் பள்ளிக்கூட முற்றத்தில், ஒரே பூசணிக்காய் ஆறாம் முறை ஏலத்துக்கு வருகிறது. எடுத்த ஐந்து பேரும் காசைக் கொடுத்துவிட்டு, இன்னும் காசு சேரட்டும் என்று காயைத் திரும்பவும் மேசையில் வைத்துவிட்டார்கள். ஏலம் கூறுகிறவன் விநாயகமூர்த்தி. முப்பது வயதுக்குள் கால்கள் வலுவிழந்து, கைகளும் தளர்ந்து, கதிரையில் சாய்ந்திருக்கிறான். குரல் மட்டும் கடற்காற்றை மீறிக் கேட்கிறது. அவனுடைய தமையனையும் கொண்டுபோன இந்தப் பரம்பரைத் தசைநோயை யாழ்ப்பாணத்தில் ஒரு டொக்டர் ஆராய்கிறார். சேருகிற காசு அவருடைய ஆராய்ச்சிக்குத்தான். "மருந்து வர எத்தினை வருசமோ. உமக்கு உதவுமோ, தம்பி?" பக்கத்தில் நிற்கிற அப்புத்துரை மெல்லக் கேட்கிறார். "எனக்கு இல்லாட்டி என்ன அண்ணை, அக்கான்ரை பிள்ளைக்கு உதவட்டும்." அந்த அக்கா, நிறைமாதக்காரி சீதேவி, முன்வரிசையில் இருந்து கையைத் தூக்குகிறாள். "நூறு ரூபாய்!" என்கிறாள். அவன் குரல் துள்ளுகிறது. "நூறு ரூபாய் ஒருதரம், ரெண்டுதரம்..." அதற்குள் அவள் எழுந்து வந்து காயை இடுப்பில் ஏற்றிவிடுகிறாள். "இதை நான் திருப்பித் தரமாட்டன். வயித்திலை இருக்கிறது கறி கேக்குது." முற்றமே சிரிக்கிறது. விநாயகமூர்த்தியும் குலுங்கிச் சிரிக்க, தலை மார்பில் சரிகிறது. அப்புத்துரை அவன் நெற்றியில் கை கொடுத்து நிமிர்த்திப் பிடிக்கிறார். கண்ணில் நீர் மின்ன, அவன் மூச்சை இழுத்து, நீட்டி முழக்குகிறான்: "மூண்டுதரம்!"