ஹார்லெஸ் வாசித்த தாள்

எங்கள் தொகுதியிலிருந்து வாஷிங்டன் போக எதிரெதிராக நின்ற இரண்டு பேரும், ஒரே மேடையில், ஒருவர் கொள்கைக்கு மற்றவர் ஓட்டுக் கேட்டார்கள். அவரவர் ஆதரவாளர்களே கூரைத் தகரம் பறக்கக் கைதட்டினார்கள். இதைக் கண்ணால் பார்த்தவன் நான்.

தகரத்தை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.

பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவனுக்குப் பின்சீட்டில் ஆள் இருந்தால் வாய் சும்மா இருக்காது. இப்போது நான் ஓட்டுவது நோயாளிகள் வேன். பின்சீட்டில் ஓரிஸ், பக்கத்தில் அவன் மனைவி டெல்ஃபா, மடியில் போர்வை.

டெல்ஃபாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. முன்பு ஊர் ஆஸ்பத்திரியிலேயே டயாலிசிஸ் நடந்தது. காலையில் போனால் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுவாள். அதை மூடிவிட்டார்கள். இப்போது இரண்டு மலை தாண்டி அடுத்த மாவட்டத்துக்குப் போகிறோம். திரும்பும்போது அவளைக் கைத்தாங்கலாகத்தான் இறக்க வேண்டியிருக்கிறது.

"யோவ் வர்ஜில், ஆரம்பிச்சிட்டியா உன் புளுகை?" என்றான் ஓரிஸ். நான் இந்தக் கதையை எடுக்கும்போதெல்லாம் அவன் சொல்வது இதுதான்.

நான் விடவில்லை.

தீயணைப்பு நிலையத்துக் கூடத்தில் அன்று மாலை தேர்தல் விருந்து, பீன்ஸும் சோள ரொட்டியும். பீன்ஸ் பானை எவ்வளவு பெரிசு என்றால், ஷெரீப் அதற்குள் இறங்கிக் குளித்திருக்கலாம், தொப்பி நனைந்திருக்காது. பரிமாறுவது நான். பானைக்குப் பக்கத்தில் நிற்பவன் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

வேட்பாளர்களின் உதவியாளர்கள் முன்னதாகவே வந்து, அவரவர் தலைவரின் பேச்சுத் தாளை அவரவர் மேசையில் வைத்துவிட்டுப் பீன்ஸுக்கு வரிசையில் நின்றார்கள்.

எங்கள் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. காசு சுண்டிப் பார்த்து, ஜெயித்தவர் சைரன் பொத்தானுக்குப் பக்கத்து மேசையில் நிற்க வேண்டும். ஏன் என்று யாருக்கும் தெரியாது. நோவா கப்பலை விட்டு இறங்கியதும் செய்த முதல் வேலை இதுவாகத்தான் இருக்கும்.

ஒரு பக்கம் ஹார்லெஸ், எதிர்ப்பக்கம் எஸ்டெப் அம்மா. காசு விழுந்தது. ஹார்லெஸ் ஜெயித்தார். இருவரும் மேசை மாறினார்கள்.

தாள்கள் மாறவில்லை.

ஹார்லெஸின் கொள்கை ஊருக்கே தெரியும். கூலியை முதலாளி பார்த்துக்கொள்வார், வரி குறைய வேண்டும், அதற்குக் கிராமத்து ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் பணத்தை வெட்ட வேண்டும். எஸ்டெப் அம்மா நேர் எதிர். கூலியை உயர்த்து, கரிச்சுரங்கக் கம்பெனிக்கு வரி போடு, ஆஸ்பத்திரிப் பணத்தில் கை வைக்காதே.

இருவரும் அன்று மூன்றாவது ஊரில் நாலாவது விருந்து முடித்து வந்தவர்கள். கண்ணாடியை மாட்டினார்கள். வாசித்தார்கள்.

"என் தாத்தா சுரங்கத்தில் மூச்சுத் திணறிச் செத்தார்" என்று இரண்டு தாளும் ஆரம்பித்தன. சந்தேகம் எப்படி வரும்?

எஸ்டெப் அம்மா, சலுகைகள் மனிதனைச் சோம்பேறியாக்கும் என்றார். இலவச மருந்தில் உயிர் வாழும் அவர் ஆட்கள் எழுந்து நின்று தட்டினார்கள். ஹார்லெஸ், "இந்த ஆஸ்பத்திரியை மூட வருகிறவன் என் உடம்பைத் தாண்டித்தான் போக வேண்டும்" என்று முழங்கினார். மூட வேண்டும் என்று முந்தின வாரம் வரை சொல்லிக்கொண்டிருந்த கூட்டம் சீட்டியடித்தது. அப்போதுதான் தகரம் போனது.

அவர் நிறுத்தவே இல்லை. பேசி முடிப்பதற்குள் எனக்கு ஒரு அங்குலம் தாடி வளர்ந்துவிட்டது. நேரம் முடிந்ததும் சிவப்பு அட்டை காட்டிப் பேச்சை நிறுத்த ஓரிஸைத்தான் மேடைக்கு முன்னால், ஹார்லெஸின் கைக்கெட்டும் தூரத்தில், உட்கார வைத்திருந்தார்கள். சிவப்பு அட்டை எழவில்லை. அவனும் பீன்ஸ் மயக்கத்தில் அசந்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஹார்லெஸ் ஜெயித்தார். வாஷிங்டன் போனார். அங்கே சொந்தத் தாளை வாசித்தார்.

"எல்லாம் பொய்" என்றான் ஓரிஸ். "அவரவர் பேச்சை அவரவர்தான் பேசினாங்க. பக்கத்துல இருந்தவன் நான். ஹார்லெஸ் மனசார சொன்னாரு. அங்க போனப்புறம் அவரை மாத்திட்டானுங்க."

அந்தத் தேர்தலில் வீடு வீடாகப் போய் ஹார்லெஸுக்கு ஓட்டுக் கேட்டவன் அவன். டெல்ஃபாவின் ஓட்டையும் வாங்கிக் கொடுத்தவன்.

வளைவு திரும்பியது. பலகை அடித்து மூடிய எங்கள் ஆஸ்பத்திரி. புல்வெளியில் புத்தம் புதுசாக ஒரு தேர்தல் பலகை நட்டிருந்தார்கள். நான் வேகத்தைக் குறைத்தேன், எனக்குக் குசும்பு.

டெல்ஃபா சத்தமாகப் படித்தாள். "மீண்டும் ஹார்லெஸ். நம் ஆஸ்பத்திரிகளின் காவலன்."

வேனில் யாரும் சிரிக்கவில்லை. நான்கூட.

"ஓரிஸ்," என்றாள், ஜன்னலைப் பார்த்தபடியே. "நீ அன்னைக்குத் தூங்கல. நான் உன்னையேதான் பாத்துக்கிட்டிருந்தேன்."

கண்ணாடியில் பார்த்தேன். ஓரிஸ் அவள் போர்வையின் நுனியை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான்.

"நடந்துச்சு" என்றான். "அவரு தாளைத் தூக்கிப் பிடிச்சு வாசிச்சாரா, பின்பக்கம் கொட்டை எழுத்துல அந்தம்மா பேரு. நான் சிவப்பு அட்டையைப் பாதி தூக்கிட்டேன், டெல்ஃபா. அப்பப் பாத்து ஆஸ்பத்திரியைப் பத்திப் பேச ஆரம்பிச்சாரு. நம்ம ஆளு வாயால அதைக் கேக்கணும் போல இருந்துச்சு."