ஸோக் என்றால் என்ன?

"ஐயோ, அகராதி!"

வக்கீல் அலறி முடிப்பதற்குள் காப்பி முழுவதும் அந்தத் தடிமனான ஆங்கில அகராதியின் மேல் பாய்ந்துவிட்டது. கோப்பையைத் தட்டிவிட்ட லிஃப்ட் மெக்கானிக், கை தன்னுடையதே இல்லை என்பதுபோல் அதைப் பின்னால் மறைத்துக்கொண்டார். பன்னிரண்டாவது மாடியில் தொங்கியபடி வேலை பார்க்கும்போது தவறாத கை. கல்யாணம் பேச வந்த இடத்தில் தவறித் தொலைத்தது.

"ஒரு துணி எடுத்துட்டு வாம்மா!" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார் வக்கீல்.

அவள் வந்தாள். மேசையைத் துடைத்தாள். அகராதியைத் தலைகீழாகப் பிடித்து உதறினாள். மெக்கானிக்கை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சிரிப்பை உதட்டுக்குள் மடக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.

"சார், நான் வந்த விஷயம்..."

"என்ன விஷயம்னு தெரியும். முதல்ல ஆட்டம்."

மேசையில் எழுத்துக் கட்டைகள் பரப்பிக் கிடந்தன. ஆங்கில எழுத்துகளைக் கோத்துச் சொல் கட்டும் ஆட்டம். அதில் வக்கீலுக்குப் பைத்தியம். அந்த வீட்டில் யார் எதைக் கேட்டு வந்தாலும் முதலில் அவரோடு ஆடியாக வேண்டும். க்யூ, எக்ஸ், இசட் என்ற முரட்டு எழுத்துகளை வைத்து மூன்று சொல் கட்டி, மூன்றுக்கும் அர்த்தம் சொல்ல வேண்டும். ஒன்று தப்பினாலும் பேச்சுவார்த்தை கிடையாது, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். அவள் முன்பே எச்சரித்திருந்தாள்.

மெக்கானிக்குக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் லிஃப்டுக்குள் ஒட்டியிருக்கும் இங்கிலீஷ்தான்.

"எப்படிப் பழக்கம்?" கட்டைகளைக் கலைத்தபடியே குறுக்கு விசாரணையைத் தொடங்கினார் வக்கீல்.

"மூணாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவுல லிஃப்ட் நின்னுபோச்சு சார். உள்ள அவங்க மட்டும். பயப்படக் கூடாதேன்னு கதவு இடுக்கு வழியா பேசிக்கிட்டே சரிபண்ணேன். நாப்பது நிமிஷம்."

"அவ்வளவு பெரிய ரிப்பேரா?"

"அஞ்சு நிமிஷ வேலைதான் சார்."

சமையலறையில் ஏதோ பாத்திரம் உருண்டது.

வக்கீல் நான்கு கட்டைகளை அடுக்கினார். "ஸார்ஃப். இசட்ல ஆரம்பிக்கும். பிடி இல்லாத காப்பிக் கோப்பை சுடாம இருக்க, கீழே மாட்டுற கூடு. அது இருந்திருந்தா என் அகராதி தப்பிச்சிருக்கும். உங்க முறை."

மெக்கானிக் தன் கட்டைகளைப் பார்த்தார். அவை அவரைப் பார்த்தன. கண்ணை மூடிக்கொண்டு மூன்றை எடுத்து வைத்தார். இசட், ஓ, க்யூ.

"ஸோக்," என்றார் துணிச்சலாக.

"ஸோக்னா?"

"லிஃப்ட் நடுவுல நின்னதும் உள்ள இருக்கிறவங்க எல்லாரும் ஒண்ணா ஒரு மூச்சு விடுவாங்க இல்ல? அந்த மூச்சு."

சமையலறையிலிருந்து களுக்கென்று ஒரு சத்தம். வக்கீல் அகராதியைத் திறக்கப் பார்த்தார். ஈரப் பக்கம் பாதி கிழிந்து விரலோடு வந்தது.

"சரி, நிக்கட்டும்," என்று அடுத்த சொல்லை வைத்தார். "ஸீபெக். எக்ஸ்ல ஆரம்பிக்கும். மூணு பாய்மரம் வச்ச கப்பல்."

தன் தட்டில் கிடந்த எக்ஸைப் பிடித்துக்கொண்டார் மெக்கானிக். எக்ஸ், யு, பி. "ஸப்! கதவு மூடுற நேரத்துல ஓடி வந்து உள்ள நுழைஞ்சிட்டு, உலகத்தையே ஜெயிச்ச மாதிரி எல்லாரையும் ஒரு பார்வை பார்ப்பான் பாருங்க, அவன்."

இந்த முறை உள்ளேயிருந்து சிரிப்பு வெடித்தே விட்டது. வக்கீல் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். பிறகு, "நிக்கட்டும்" என்றார்.

மூன்றாவது முறை மெக்கானிக்குக்குக் கற்பனை வறண்டுவிட்டது. கிடைத்ததை வைத்தார். க்யூ, ஐ, எக்ஸ்.

"க்விக்ஸ்," என்றார். வேறு எதுவும் தோன்றாததால், தோன்றியதையே சொன்னார். "வேலை முடிஞ்சு வந்து கதவைத் திறப்போம். 'யாரு?'ன்னு உள்ளேர்ந்து ஒரு குரல் வராது. அந்த வராத சத்தம் இருக்கே சார், அதுதான்."

சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. வக்கீல் கட்டைகளையெல்லாம் மெல்லப் பையில் அள்ளிப் போட்டார்.

"ஸோக், ஸப், க்விக்ஸ். மூணுமே இங்கிலீஷ்ல கிடையாது. அகராதி நனையாம இருந்தாலும் எனக்குத் தெரியும்."

மெக்கானிக் தலை குனிந்தார். "எனக்கும் தெரியும் சார்."

"தெரிஞ்சேதான் புளுகினீங்களா?"

"நீங்களும் தெரிஞ்சேதான் விட்டீங்களா?"

வக்கீலின் மீசை லேசாகத் துடித்தது. கோபமா, வேறு ஏதாவதா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. மெக்கானிக் எழுந்து நின்றார். இனி இழக்க ஒன்றும் இல்லை என்ற தைரியம் வந்திருந்தது.

"ஆட்டம் போனா போகட்டும் சார். நேரா ஒரு பதில் சொல்லிடுங்க. இந்தக் கல்யாணத்துக்குச் சம்மதமா, இல்லையா?"

வக்கீல் கட்டைப் பையின் வாயை இறுக்கிக் கட்டினார்.

"அப்பா இறந்து பதினோரு வருஷம் ஆச்சு சார், அதுக்கப்புறம் எங்க அம்மா வாய்விட்டுச் சிரிச்சு இன்னிக்குத்தான் கேக்கறேன். சம்மதம்."